குமாஸ்தா நாற்காலியின் விலை

கேள்வி: ஐயா, தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். 1970களின் தொடக்கத்தில் நான்கு ஆண்டுகள் சண்டிகரில் வேலை பார்த்தபோது, பிரம்பு பின்னிய தேக்கு நாற்காலி ஒன்றில்தான் நாள்தோறும் உட்கார்ந்து கோப்புப் பார்த்து வந்தேன். அதன் பின்கால் சற்று ஆடும். காகிதத்தை மடித்து முட்டுக் கொடுத்திருப்பேன். இப்போது பிரஸ்ஸல்ஸில் வசிக்கும் என் மகள், அங்கே ஒரு கடையில் அச்சாக அதே நாற்காலியைக் கண்டதாகவும், விலை 6,000 யூரோ என்றும் எழுதியிருக்கிறாள். பின்னால் விற்க நேர்ந்தாலும் போட்ட பணம் வந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னாராம். வாங்கலாமா என்று கேட்கிறாள். ஒரு குமாஸ்தா நாற்காலி இவ்வளவு பெறுமா?
- ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: பெறாது என்று ஒரே சொல்லில் விடை எழுதி முடித்துவிடலாம், ஆனால் தாங்கள் நான்கு ஆண்டுகள் அமர்ந்திருந்த அந்த நாற்காலியின் பூர்வோத்தரத்தை விசாரிக்காமல் அப்படித் தீர்ப்பு வழங்குவது, சாட்சியை அழைக்காமலே வழக்கைத் தள்ளுபடி செய்வதற்கு ஒப்பாகும், வாழ்நாளெல்லாம் ரசீது கேட்டே பழகிய தங்களுக்கு அது சம்மதமாகாது என்பதனால் சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

1947-ல் தேசம் பிரிந்தபோது லாகூர் பாகிஸ்தானத்தின் பங்காகப் போய்விட, தலைநகரமின்றி நின்ற நம் பக்கத்துப் பஞ்சாபுக்கு ஒரு புதிய நகரத்தையே நிர்மாணிப்பதென்று முடிவாயிற்று. முதலில் திட்டம் வகுத்தவர்களுள் ஒருவரான மாத்யூ நோவிட்ஸ்கி 1950-ல் விமான விபத்தில் மாண்டுபோக, அந்தப் பொறுப்பு ல கொர்பூசியே என்னும் உலகப் பிரசித்தி பெற்ற கட்டடச் சிற்பியிடம் வந்து சேர்ந்தது. அவர் அவ்வப்போது வந்து சில வாரங்கள் தங்கித் திரும்பிவிடுவார். வெயிலிலும் புழுதியிலும் ஊரோடு ஊராகக் கிடந்து, வரைபடத்தில் இருந்ததைச் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் ஆக்கியவர் அவருடைய உறவுமுறைச் சகோதரரான பியர் ழான்னரே. 1951-ல் வந்த அவர், உடல்நலம் குன்றி 1965-ல் ஊர் திரும்பும் வரையில் அங்கேயே இருந்தார். 1967-ல் காலமான பின், அவர் விருப்பப்படி அவருடைய அஸ்தியைச் சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைத்தார்கள். தாங்கள் அந்த ஏரிக் கரையில் மாலை உலா போயிருப்பீர்கள்.

கட்டடங்கள் எழும்பிவிட்டால் மட்டும் போதுமா? தலைமைச் செயலகத்துக்கும், உயர் நீதிமன்றத்துக்கும், பல்கலைக்கழகத்துக்கும், கல்லூரி விடுதிகளுக்கும் ஆயிரக்கணக்கில் மேசையும் நாற்காலியும் அலமாரியும் வேண்டியிருந்தன. சர்க்காரிடம் பணமோ சொற்பம். பெரிய இயந்திரசாலைகளும் அருகில் இல்லை. ஆகவே ழான்னரே, யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களுடன் சேர்ந்து, உள்ளூர் ஆசாரிகள் கையிலுள்ள உளியும் இழைப்புளியும் கொண்டே செய்துவிடக்கூடிய மாதிரிகளை வகுத்தார். விரித்து நிறுத்திய கவராயம் போல மேலே கூடிக் கீழே அகலும் அந்தக் கால்களை நினைத்துப் பாருங்கள்: அலங்காரத்துக்காக அமைந்தவை அல்ல அவை, கழுந்தும் துளையும் அறிந்த எந்தத் தச்சனும் பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்வதற்கும், கனத்த மனிதர் பின்னால் சாய்ந்தாலும் மூட்டு விலகாமல் இருப்பதற்கும் அமைந்தவை. தேக்கு, கறையானுக்கும் ஈரத்துக்கும் எளிதில் இடங்கொடாது. பிரம்புப் பின்னல் பஞ்சாபின் ஜூன் மாத வெப்பத்தில் முதுகுக்குக் காற்று விடும். பல பட்டறைகளில் பல கைகள் செய்தவையாதலால் ஒரு நாற்காலிபோல் மற்றொன்று இராது. விரற்கடை வித்தியாசம் எங்கேனும் இருக்கும். இன்று கலைப்பொருள் வர்த்தகர்கள் ‘கைவினையின் தனித்தன்மை’ என்று விலையேற்றிச் சொல்வது, அன்றைய ஸ்டோர் கீப்பர் ‘அளவு சரியில்லை’ என்று முணுமுணுத்த அதே விஷயந்தான்.

பின்னர் நடந்தது தாங்கள் நன்கறிந்த சர்க்கார் வழக்கம். பிரம்பு அறுந்தது, திரும்பப் பின்னுவதற்கு ஆளில்லை, இரும்பும் பிளாஸ்டிக்கும் ரப்பர் மெத்தையும் வந்தன. பழைய நாற்காலிகளைக் கழிவுக் கணக்கில் எழுதி, மொட்டை மாடியிலும் படிக்கட்டின் கீழும் மலைபோலக் குவித்து, அவ்வப்போது குவியல் குவியலாக ஏலம் விட்டார்கள். விறகுக் கடைக்காரரும் பழைய சாமான் வியாபாரியும் எடுத்துக்கொண்டிருந்த அந்த ஏலங்களுக்கு 1990களின் இறுதியில் பாரிஸ் நகரத்து வர்த்தகர்கள் சிலர் வந்து நின்றார்கள். கையில் ழான்னரேயின் வரைபடமும் மனத்தில் ஒரு கணக்கும் வைத்திருந்தார்கள். வாங்கினார்கள், கப்பலேற்றினார்கள், பழைய வார்னிஷைச் சுரண்டினார்கள், பிரம்பைப் புதிதாகப் பின்னினார்கள், அழகிய புகைப்படங்களோடு புத்தகங்கள் வெளியிட்டார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏலக் கூடங்களில் தங்கள் நாற்காலி ஆயிரக்கணக்கான யூரோவுக்குப் போகத் தொடங்கிற்று. சாக்கடைக் குழியின் இரும்பு மூடியைக்கூட, அதில் நகரத்தின் வரைபடம் வார்க்கப்பட்டிருந்த ஒரே காரணத்தால், அங்கே ஏலம் கூறினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

நாம் விழித்துக்கொண்டு, அந்தச் சாமான்களை இனி விற்கலாகாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது 2011-ல். அதற்கு முன் போனவற்றைத் திரும்பக் கேட்கச் சட்டத்தில் பிடிமானம் இல்லை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு வயது நிரம்பாத நாற்காலியைத் தொல்பொருளென்று ஒப்புக்கொள்வதில்லை. ‘கொள்ளை போயிற்று’ என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். களவு போனால் அல்லவா கொள்ளை? நாமே கூவிக் கூவி விற்று, ரசீதும் கொடுத்தோம். ஆமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் 2013-ல் ‘பிராவனன்ஸ்’ என்னும் பெயரில் எடுத்த ஒரு படம், செல்வந்தர் வீட்டுக் கூடத்திலிருந்து தொடங்கி ஏலக்கூடம், பழுதுபார்க்கும் பட்டறை, கப்பல் என்று பின்னோக்கியே சென்று சண்டிகரின் அலுவலகங்களில் வந்து முடியும். அதே ஆண்டில் லண்டனில் அந்தப் படத்தையே ஏலத்தில் விட்டு, அந்த ஏலத்தையும் அவர் படம் பிடித்து வைத்தார். இந்த வர்த்தகத்தின் சுபாவத்தை அதைவிடச் சுருக்கமாக விளக்கியவர் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இனி விலைக்கு வருகிறேன். அந்த 6,000 யூரோவில் மரத்துக்கும் வேலைக்கும் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், அவற்றுக்கு ஆவது அதில் ஒரு பகுதிதான்: நல்ல தேக்கு கிடைத்தால் தேர்ந்த ஆசாரியும் பிரம்பு பின்னுபவரும் சேர்ந்து இன்றும் நம் ஊரில் அந்த நாற்காலியைச் செய்துவிடலாம். பெங்களூரில் பேண்டம் ஹேண்ட்ஸ் என்ற நிறுவனம் சிரத்தையுடன் செய்தே வருகிறது. இத்தாலியின் காசினா நிறுவனமும் 2019-ல் ழான்னரேயைக் கௌரவிக்கும் வரிசையொன்றை வெளியிட்டது. உட்காருவதற்கு மட்டும் வேண்டுமானால் இவை தங்கள் பழைய நாற்காலிக்கு ஒரு விதத்திலும் தாழ்ந்தவை அல்ல. கால் ஆடாதது ஒன்றே வித்தியாசம். எஞ்சிய தொகை முழுவதும் சரித்திரத்துக்குத் தரும் விலை. சரித்திரத்துக்கு விலை தருவது மூடத்தனம் என்று நான் சொல்லவில்லை. அது மெய்யான சரித்திரமாக இருக்கவேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இங்கேதான் சங்கடம். ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டதும், செய்தவர் கையொப்பம் இல்லாததும், எளிய கருவிகளால் யாரும் செய்யக்கூடியதுமான ஒரு பொருளின் விலை ஏறினால் போலிகள் பெருகாமல் என்ன செய்யும்? இலாகாவின் பெயரையும் இருப்பு எண்ணையும் வெள்ளைச் சாயத்தில் நாற்காலியின் பின்புறம் எழுதியிருப்பார்களே, அதுவே அசலுக்கு அடையாளம் என்று விற்பவர் காட்டுவார். தகரத்தில் எழுத்து வெட்டிச் சாயம் பூச எவ்வளவு நேரமாகும்? ஆகையால் தங்கள் புதல்வி அந்த நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கட்டும். பல்லாண்டுகள் ஈரத் துணியால் தரை துடைத்த அறையில் நின்ற கால்களின் அடிப்பகுதி கறுத்து அரித்திருக்க வேண்டும். கை படும் இடம் வழவழத்தும் கை படாத இடம் கரடுமுரடாயும் இருக்க வேண்டும். சட்டத்தில் பழைய பிரம்புத் துளைகளின் விளிம்பு தேய்ந்திருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே சீராகப் பழசாயிருக்குமானால் அந்தப் பழமை பட்டறையில் தயாரானது. நானே ஒரு சமயம் ஒரு கடையில் பர்மாத் தேக்கு என்று நம்பிச் சாய்வு நாற்காலி ஒன்று வாங்கி, ஆறு மாதம் பெருமையாக அதில் சாய்ந்திருந்துவிட்டு, மெருகு தேய்ந்த பின் உள்ளே வெளுத்த மரத்தைக் கண்டவன். ஆதலால் இந்த உபதேசம் ஏட்டிலிருந்து வந்ததன்று. மரத்தைவிட முக்கியம் காகிதம்: சண்டிகரில் எந்த ஏலத்தில், எந்த ஆண்டில், எந்த அலுவலகத்திலிருந்து எடுத்தது, அதன்பின் யார் யார் கைக்கு மாறியது என்ற சங்கிலியில் ஒரு கண்ணியும் அறாத பத்திரங்கள் வேண்டும். அவை இல்லையென்றால் 6,000 யூரோவுக்கு விற்பது நாற்காலி அன்று, கடைக்காரருடைய வாக்கு.

பத்திரங்கள் இருந்தாலும், போட்ட பணம் வந்துவிடும் என்ற வார்த்தையை நம்பவேண்டாம். ஏலத்தில் வாங்குபவர் கூறிய விலைக்கு மேல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஏலக்கூடத்துக்குத் தரவேண்டும். விற்பவரும் தம் பங்குக்குத் தரகு தரவேண்டும். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கப் போனால், அவர் வாங்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு. ஆகவே சந்தை விலை கணிசமாக ஏறினால்தான் தங்களுக்கு முதலே மிஞ்சும். ஐலீன் கிரே செய்த ‘டிராகன்’ நாற்காலி 2009-ல் பாரிஸில் 2 கோடியே 19 லட்சம் யூரோவுக்குப் போயிற்று என்பதை வர்த்தகர்கள் மேற்கோள் காட்டுவார்கள். அது உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருந்தது. தங்களுடைய நாற்காலிக்கோ சகோதரர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு; அவர்களிலும் இணையாகவும் தொகுதியாகவும் விற்பவற்றுக்குத்தான் மதிப்பு அதிகம்; தனியாக வந்த ஒன்றுக்குப் போட்டி குறைவு.

ஆகவே லாபத்துக்காக என்றால் வேண்டாம். ‘அப்பா உட்கார்ந்த மாதிரி நாற்காலி’ என்ற பிரியத்துக்காக என்றால், அந்தத் தொகை திரும்பி வராமலே போனாலும் மனம் கலங்காது என்ற நிலையில் தங்கள் புதல்வி இருந்து, பத்திரங்களும் ஒழுங்காக இருந்தால், வாங்கட்டும். நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அதில் பாதியிலும் பாதி செலவில் தாங்கள் இருவரும் சண்டிகருக்குப் போய், பத்தொன்பதாம் செக்டரில் ல கொர்பூசியே பெயரால் வைத்திருக்கும் நிலையத்தில் அந்த மரச்சாமான்களைச் சேர்ந்து பார்த்துவிட்டு வரலாம் என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் தம் தந்தையார் 1960களில் வாங்கிய ஈம்ஸ் சாய்வு நாற்காலியைப் புதியதன் விலையைவிடக் குறைத்து எனக்குத் தர இசைகிறார். ரோஸ்வுட் மரம். சில ஆண்டுகளில் இந்தியா திரும்பும்போது எடுத்துவர எண்ணம். வாங்கலாமா?
- ஒரு வாசகி, கலிபோர்னியா

பதில்: முன்னதற்கு மாறான விடை இது: விலை நியாயமானால் வாங்குங்கள். சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் வகுத்து 1956-ல் ஹெர்மன் மில்லர் நிறுவனம் வெளியிட்ட இந்த நாற்காலியை அன்றுமுதல் இன்றுவரை நிறுத்தாமல் செய்து வருகிறார்கள். புதியது என்ன விலை என்று யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமாகையால், பழையதன் விலைக்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. உதிரிப் பாகமும் கிடைக்கும். அடியில் ஒட்டிய சீட்டைக் கொண்டு எந்தக் காலத்தது என்றும் ஓரளவு நிர்ணயிக்கலாம்.

ஆனால் இந்தியாவுக்கு எடுத்துவரும் எண்ணத்தைச் சற்று ஒத்திவையுங்கள். அந்நாளைய ரோஸ்வுட் பிரேசில் காட்டு மரம். 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் அது சேர்ந்திருப்பதால், உரிய அனுமதிகள் இன்றி எல்லை கடத்தினால் சுங்கத்தில் பறிமுதலாகும். வீட்டுச் சாமான்தானே என்று பெட்டியில் கட்டிவிடாதீர்கள்.

மற்றொன்று, உட்காருவதற்கு முன் பார்க்கவேண்டியது. முதுகுப் பலகையையும் கைப்பிடியையும் இணைப்பவை திருகாணிகள் மட்டும் அல்ல. மரத்தோடு பசையால் ஒட்டிய ரப்பர் வில்லைகள் உண்டு. சாயும்போது முதுகு இலேசாக அசைந்து கொடுப்பது அவற்றால்தான். அறுபது வருஷத்து ரப்பர் கல்லாக இறுகியிருக்கும். பாரம் தாங்காமல் பிய்யும்போது தான் மட்டும் பிய்யாது, ஒட்டியிருக்கும் மரத் தகட்டையும் உரித்துக்கொண்டு வரும். அந்த ரோஸ்வுட் தகட்டுக்கு இன்று மாற்றுக் கிடைப்பது துர்லபம். அந்த வில்லைகளை எப்போது மாற்றினார்கள் என்று நண்பரிடம் கேளுங்கள். மாற்றவே இல்லை என்றாரானால், பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்து பார்க்கும் வரையில் அவரையும் அதில் சாயவேண்டாம் என்று சொல்லுங்கள்.