வாயைத் திறந்து காட்டுங்கள்

ஒரு பெரியவர். வயது 52. முப்பது வருடமாகப் புகையிலை போடுகிறார். கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு வந்தது.

"மாமா, ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வாருங்கள்" என்றாள் மருமகள்.

"வலிக்கவே இல்லையே அம்மா, எதற்கு டாக்டர்?" என்றார் பெரியவர்.

அவர் சொன்னது சரியா? சரியில்லை. வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி வரும்போது நோய் முற்றியிருக்கலாம்.

செங்கற்களால் வீடு கட்டுகிறோம். நம் உடல் செல்களால் ஆனது. செல் கண்ணுக்குத் தெரியாது. புகையிலையின் நஞ்சு படப்பட, சில செல்கள் கெட்டுவிடும். கட்டுக்கு அடங்காமல் பெருகும். அதுதான் புற்றுநோய்.

கெட்ட செல்லை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் நல்ல வெளிச்சத்தில் வாயைப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால், சிறிய பிரஷால் திட்டின் மேல் தேய்ப்பார்கள். கத்தி இல்லை. தையல் இல்லை. பிரஷில் ஒட்டிய செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவுவார்கள். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கெட்ட செல்லின் நடுவில் உள்ள கரு பெருத்து, கறுத்து, கோணலாக இருக்கும்.

இப்போது மைக்ராஸ்கோப்பில் செல்போனைப் பொருத்தியும் படம் எடுக்கிறார்கள். அந்தப் படத்தைத் தூரத்து ஊரில் இருக்கும் டாக்டர் பார்க்க முடியும். கெட்ட செல்லை அடையாளம் காணக் கம்ப்யூட்டரையும் பழக்கி வருகிறார்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. பிரஷ் சோதனை மட்டும் போதாது. திட்டிலிருந்து சிறு துண்டு சதை எடுத்துப் பார்த்தால்தான் நோய் உறுதியாகும்.

சோதனையால் உயிர் பிழைக்குமா? கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் பெரிய ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் மக்களின் வாயைக் கண்ணால் பார்த்தே சோதித்தார்கள். முடிவு 2005-இல் வெளிவந்தது. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. அதாவது, 100 பேர் சாகும் இடத்தில் 66 பேர்.

மருமகள் விடவில்லை. பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். சதைத் துண்டையும் எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை. ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன.

"நல்ல நேரத்தில் வந்தீர்கள் ஐயா. புகையிலையை இன்றே விடுங்கள். சொல்லும் தேதிகளில் தவறாமல் வாருங்கள்" என்றார் டாக்டர்.

பெரியவர் புகையிலைப் பொட்டலத்தைக் குப்பையில் போட்டார்.

நீங்களும் கண்ணாடியில் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாய் திறக்க முடியாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

பதில் சொல்லுங்கள்:
1. வலி இல்லாவிட்டாலும் ஏன் டாக்டரிடம் காட்ட வேண்டும்?
2. பிரஷ் சோதனை எப்படிச் செய்யப்படுகிறது?
3. உங்கள் வீட்டில் புகையிலை போடுபவர் யார்? அவரிடம் என்ன சொல்வீர்கள்?