தண்ணீர்த் தோட்டத்திற்கு எந்த லைட்? கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு வாங்குங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பாட்டுக் கேட்டு, படம் பார்த்து, இரண்டு மெயிலும் அனுப்பிவிட்டீர்கள். எக்ஸெல் என்று ஒன்று இருக்கிறதே, அது அலுவலகத்திற்குத்தானே என்று பலரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. வீட்டு உபயோகத்திற்கு அதைப் போல உதவும் புரோகிராம் வேறு இல்லை. இந்த இதழில் ஒரு சின்னக் கணக்கின் மூலம் அதைப் பழகலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக இறக்கி, அதில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

மண் இல்லாமல், சத்துக்கள் கரைந்த தண்ணீரில் செடி வளர்ப்பதற்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்று பெயர். இது புதிதல்ல. 1940களிலேயே ஷோல்டோ டக்ளஸ் என்பவர் காலிம்போங் பகுதியில் இதைச் செய்து பார்த்தார். அந்த முறைக்கு 'பெங்கால் முறை' என்றே பெயர். ஆனால் அது திறந்தவெளியில், சூரிய ஒளியில் நடந்தது. இப்போது பலர் ஹால் மூலையில் அலமாரி வைத்து லெட்டூஸ், புதினா, துளசி வளர்க்க விரும்புகிறார்கள். அங்கே வெயில் கிடையாது. லைட் வாங்க வேண்டும். பணம் வீணாவதும் இங்கேதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். உங்கள் பால்கனியில் நாளைக்கு 4 மணி நேரம் நேர் வெயில் விழுந்தால் லைட்டே வாங்காதீர்கள். சென்னை வெயிலுக்கு எந்த எல்.இ.டி.யும் ஈடாகாது. அடுத்த கட்டடம் மறைத்து நிற்கும் வீடுகளுக்கே இந்தக் கட்டுரை.

யு.எஸ்.பி. லைட் சொல்லும் பொய்

ஆன்லைன் கடைகளில் கிளிப் மாட்டிய ஊதா நிற லைட்கள் கிடைக்கின்றன. '40 வாட்' என்று போட்டிருக்கும். கீழே யு.எஸ்.பி. பிளக் இருக்கும். இதைச் சோதிக்க ஒரு பெருக்கல் போதும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். கம்ப்யூட்டரில் உள்ள யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 5 வோல்ட், 0.5 ஆம்பியர்; அதாவது 2.5 வாட். யு.எஸ்.பி. 3.0 என்றால் 4.5 வாட். சாதாரண 5 வோல்ட், 2 ஆம்பியர் மொபைல் சார்ஜரில் செருகினாலும் 10 வாட்தான். 40 வாட் எங்கிருந்து வரும்? உள்ளே இருக்கும் பல்புகளின் எண்ணிக்கையை வைத்துப் போட்ட எண் அது. இந்த லைட்டைக் கம்ப்யூட்டர் போர்ட்டில் செருகுவதையும் தவிர்த்திடுங்கள். அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் போர்ட் பாதிக்கப்படலாம்.

ஊதா நிறம்தான் செடிக்கு நல்லது என்பதும் முழு உண்மை அல்ல. இலைப்பச்சை சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சும் என்பது சரி. ஆனால் கெய்த் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 வகைப் பயிர்களில் அளந்து 1972ல் வெளியிட்ட ஆய்வில், பச்சை ஒளியையும் செடிகள் நன்றாகவே பயன்படுத்துவது தெரிந்தது. வெள்ளை எல்.இ.டி. என்பது நீல எல்.இ.டி. மேல் பாஸ்பர் பூசியதுதான். (அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கு 2014ல் நோபல் பரிசு கிடைத்தது.) ஆகவே நம் தெரு எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் வெள்ளை எல்.இ.டி. டியூப்லைட்டே கீரை வகைகளுக்குப் போதும். 6500 கெல்வின் என்று எழுதியதை வாங்கலாம்; 4000 என்றாலும் வளரும். குண்டு பல்பு வேண்டாம். அதன் ஒளி சுவர், கூரை என்று நாலா பக்கமும் போகும். டியூப்லைட்டின் ஒளி பெரும்பாலும் கீழ்நோக்கி விழும்.

எத்தனை டியூப் வேண்டும்?

அட்டைப் பெட்டியில் வாட் எவ்வளவு என்று பார்ப்பவர்கள், பக்கத்தில் லூமன் என்று இருப்பதைப் பார்ப்பதில்லை. வாட் நீங்கள் கொடுப்பது. லூமன் உங்களுக்குக் கிடைப்பது. 20 வாட் எல்.இ.டி. டியூப் சுமார் 2000 லூமன் தரும். அதாவது ஒரு வாட்டுக்கு 100. பழைய 60 வாட் குண்டு பல்பு ஒரு வாட்டுக்கு 12 லூமன் அளவுதான் தந்தது.

இலைக் கீரைகளுக்கு வெள்ளை எல்.இ.டி.யில் சுமார் 10,000 முதல் 14,000 லக்ஸ் வரை, நாளைக்கு 14 மணி நேரம் கிடைக்க வேண்டும். லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன். 4 அடி நீளம், 1 அடி அகலமுள்ள தட்டின் பரப்பு 0.37 சதுர மீட்டர். இனி எக்ஸெலைத் திறந்திடுங்கள்.

முதல் வரிசையில் வாட், எண்ணிக்கை, மணி, லூமன், பரப்பு, லக்ஸ், யூனிட் எனத் தலைப்புகளை டைப் செய்திடவும். அடுத்த வரிசையில் முதல் ஐந்து தலைப்புகளின் கீழ் 20, 3, 14, 2000, 0.37 என்று இடவும். லக்ஸ் செல்லில் கர்சரை வைத்துச் சமக்குறி அடியுங்கள். இப்போது எண்களை டைப் செய்யக் கூடாது. லூமன் உள்ள செல்லில் கிளிக் செய்து, நட்சத்திரக் குறி இட்டு, எண்ணிக்கை செல்லில் கிளிக் செய்திடுங்கள். மீண்டும் நட்சத்திரக் குறி, 0.65, பிறகு சாய்கோடு, பரப்பு செல்லில் கிளிக், என்டர். சுமார் 10,500 என்று விடை வரும். 0.65 எதற்கு? எல்லா ஒளியும் தட்டில் விழாது. பக்கங்களில் வெள்ளைத் தெர்மகோல் வைத்து, இலைக்கு மேல் அரை அடி உயரத்தில் டியூப்களை மாட்டினால் மூன்றில் இரண்டு பங்கு விழும் என்பது ஒரு தோராயம். எண்ணிக்கையை 2 என்று மாற்றிப் பாருங்கள். லக்ஸ் தானாகவே 7,000க்கு இறங்கும். பார்முலாவின் அருமை இதுதான்.

டியூப்களை மாட்டிய பிறகு ஆண்ட்ராய்ட் மொபைலில் லக்ஸ் மீட்டர் அப்ளிகேஷன் ஒன்றை இறக்கி, போனைத் தட்டில் மல்லாக்க வைத்து நடுவிலும் இரு முனைகளிலும் சரிபார்க்கலாம். முன் கேமரா அருகே உள்ள சென்சார்தான் அளக்கிறது, கையால் மறைத்துவிடாதீர்கள். லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு என்பதால் ஊதா லைட்டில் இந்த எண் பயன்படாது.

கரண்ட் பில் எங்கே எகிறும்?

யூனிட் செல்லில் வாட், எண்ணிக்கை, மணி மூன்றையும் இதே போலப் பெருக்கி, 60 நாளால் பெருக்கி, 1000ஆல் வகுத்திடுங்கள். 50.4 யூனிட் வரும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்திற்கு ஒரு முறை ரீடிங் எடுப்பதால்தான் 60 நாள்.

திருமுடிவாக்கத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் 300 யூனிட் ஓடுகிறது. ஏ.சி. உள்ள இன்னொரு வீட்டில் 460. இருவரும் இதே மூன்று டியூப்களை மாட்டுகிறார்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, முதல் வீட்டில் கூடுவது 225 ரூபாய் அளவுதான். இரண்டாம் வீட்டில்? 460 யூனிட்டுக்கு 1,485 ரூபாய் கட்டியவர் 510 யூனிட்டுக்கு 2,030 கட்ட வேண்டும். 545 ரூபாய் அதிகம்! 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய், அவையும் 4.50 ஆகிவிடுவதே காரணம். அதன் பிறகும் கட்டணங்கள் மாறியுள்ளன. அதனால் கடைசியாக வந்த பில்லைப் பார்த்து உங்களுக்கான கட்டணத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய யூனிட்டை ஒரு செல்லில் இட்டு, புதிய யூனிட்டைக் கூட்டும் பார்முலாவைப் பக்கத்துச் செல்லில் அமைத்திடுங்கள். அந்தச் செல்லைத் தேர்ந்தெடுத்து ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மேட்டிங், அதில் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், பிறகு கிரேட்டர் தேன் சென்று 500 என்று இட்டால், எல்லை தாண்டும்போது செல் சிவப்பாக மாறும். கால்க் புரோகிராமில் இது பார்மேட் மெனுவில் கண்டிஷனல் என்ற பெயரில் இருக்கிறது.

சிவப்பு வந்தால் இரண்டு வழிகள். தட்டைப் பாதியாக்கி 2 அடி டியூப்களுக்கு மாறலாம், அல்லது ஏ.சி. ஓடும் ஏப்ரல், மே, ஜூனில் தோட்டத்தை நிறுத்திவிடலாம். இரண்டாவதே எங்களுக்குப் பிடித்தது. கோடையில் தொட்டித் தண்ணீர் சூடாகி வேர் அழுகும் தொல்லையும் அப்போதுதான் அதிகம். கீரைக் கட்டை விலைக்கு வாங்குவதைவிட இது லாபமா என்று கேட்டால், அரைக்கீரைக்கு நிச்சயம் இல்லை. கடையில் விலை அதிகமாக உள்ள லெட்டூஸ், பேசில் போன்றவற்றுக்கே இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும்.

தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் இருக்கப் போகின்றன. பிளக் பாயின்ட் தொட்டிக்கு மேலேயோ கீழேயோ இருக்கக் கூடாது; பக்கவாட்டில் தள்ளி, தொட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும். ஒயர் பிளக்கிற்குப் போகும் முன் கீழே வளைந்து தொங்கினால், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து அதைப் போட்டுவிட்டு லைட் வாங்குங்கள். கம்ப்யூட்டரின் யு.பி.எஸ்.ஸில் இந்த டியூப்களை மாட்டினால், கரண்ட் போகும்போது பைலை சேவ் செய்யக் கிடைக்கும் நேரம் குறைந்துவிடும். சுவர் பிளக்கில் 24 மணி நேர டைமர் ஒன்றைச் செருகி, அதில் டியூப்களை இணைத்து, 14 மணி நேரத்திற்கு செட் செய்திடுங்கள். ரீடிங் எடுத்த அன்று பழைய யூனிட் செல்லில் புதிய எண்ணை இட்டு பைலை சேவ் செய்திடவும்.