கடுக்கனும் கம்மலும்



அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டு இந்தப் பாடத்துக்கு வாருங்கள். புறஜாதியாரிலிருந்து இரட்சிக்கப்பட்டவர்கள் விருத்தசேதனம் பண்ணியே ஆகணுமா? இதுதான் அங்கே எழுந்த வாக்குவாதம். அந்தச் சுமையை அவர்கள்மேல் வைக்க வேண்டாம் என்று எருசலேம் சபை தீர்மானித்தது.

1. வேலூர்க் கோட்டை. 1805 நவம்பரில் சென்னைப் படைத் தளபதி ஜான் கிராடாக்கின் உத்தரவு வந்தது. சீருடையில் நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது. தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை போடணும். ‘இது நம்மைக் கிறிஸ்தவராக்கும் தொப்பி’ என்று சிப்பாய்கள் பயந்தார்கள். மறுத்தவர்களில் இரண்டு பேருக்கு 900 கசையடி தண்டனை. 1806 ஜூலை 10 விடியுமுன்னே கலகம் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கினார். நம் ஆட்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். வேறு மனக்குறைகளும் இருந்தது உண்மைதான். ஆனால் பழி சுவிசேஷத்தின் மேலும் விழுந்தது! மிஷனரிகளை இந்தியாவுக்குள் விடலாமா என்று இங்கிலாந்தில் பெரிய சண்டையே நடந்தது. 1813 சாசனச் சட்டம்தான் அவர்களுக்கு வழி திறந்தது.

2. கான்ஸ்டான்டிநோபிள். இது புதிதல்ல. கிறிஸ்துவுக்குச் சித்தம் ஒன்றா இரண்டா என்று யாரும் பேசவே கூடாது என்று 648இல் சக்கரவர்த்தி இரண்டாம் கான்ஸ்டன்ஸ் சட்டம் போட்டார். ரோமாபுரியின் போப் மார்ட்டின் 649இல் சங்கம் கூட்டி மறுத்தார். அவரைப் பிடிக்கப் போன ஒலிம்பியஸ், படையோடு சக்கரவர்த்திக்கே எதிராகத் திரும்பினான். பிறகு மார்ட்டின் பிடிபட்டு, 655இல் நாடுகடத்தப்பட்ட இடத்தில் மரித்தார். 662இல் மாக்சிமுஸ் என்ற துறவியின் நாவையும் வலது கையையும் வெட்டினார்கள். 681இல் முடிந்த சங்கமோ, அவர் சொன்ன சத்தியத்தையே ஏற்றுக்கொண்டது. நாவை வெட்டலாம், சத்தியத்தை வெட்ட முடியுமா?

3. நம் சபை. சில வருஷத்துக்கு முன் கூடுவாஞ்சேரியில் ஒரு வீட்டுக் கூட்டம். புதிதாய் வந்த ஒரு தங்கச்சியிடம் எல்லார் முன்னாலேயும், “கம்மலைக் கழற்றிட்டு வாம்மா, அப்புறம் ஜெபிக்கலாம்” என்று சொன்னேன். அவள் தலை குனிந்தாள். அதற்குப் பிறகு வரவேயில்லை.

பிரியமானவர்களே, ஆபரணத்தைக் குறித்த நம் உபதேசத்தை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் இருதயத்தில் உணர்த்துகிறவர் ஆவியானவர். நானோ கிராடாக் துரை மாதிரி உத்தரவு போட்டேன். ஒரு ஆத்துமா வெளியே போய்விட்டது.

இந்த வாரம் அந்தத் தங்கச்சி வீட்டைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். எனக்காக ஜெபியுங்கள். நீங்களும் யார் வீட்டுக்காவது போக வேண்டியிருக்கிறதா? யோசித்துப் பாருங்கள். ஆமென்.