கார்த்திகைப் பூங்கா

இறந்தாரை நினைந்து கல் நடுதல் தமிழரின் தொன்மையான வழக்கம். நட்ட கல்லுக்குப் பூச்சூட்டி, மயிற்பீலி அணிந்து போற்றினர் பண்டையோர். கல்லோடு நில்லாது, மரமும் செடியும் வைத்து நினைவிடத்தைப் பூங்காவாகவே அமைப்பது பிற்கால முறை. கல்லை ஒருமுறை நட்டால் போதும். பூங்காவோ நினைவு நாள் வரும் திங்களில் மலர்ந்திருத்தல் வேண்டும். அன்று வருவோர் சருகைக் கண்டு திரும்புவரேல் அதனை அமைத்ததன் பயன் குன்றிவிடும்.

மேலைநாடுகளில் இது எளிதன்று. முதல் உலகப் போரில் மாண்டோரை நவம்பர் 11ஆம் நாள் நினைவுகூர்கின்றனர். போர்க்களங்களில் மலர்ந்த செந்நிறப் பாப்பி மலரே அந்நாளுக்கு அடையாளம். ஆயினும் அது வேனிலில் மலர்வது. நவம்பரில் அங்குக் குளிர் சூழ்ந்துவிடும். ஆதலின் தாளாலும் துணியாலும் செய்த பூவையே சட்டையில் அணிகின்றனர். தமிழ்நாட்டிலோ நவம்பர், ஐப்பசியும் கார்த்திகையும் கூடிய கூதிர்ப் பருவம். வடகிழக்குப் பருவமழையால் நிலம் குளிர்ந்து பசுமை கொள்ளும் காலம்.

அத்திங்களில் நினைக்கவேண்டிய நாள் ஒன்று அரியலூருக்கு உண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வைகறையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவுப் புகைவண்டி, அரியலூரை அடுத்து மருதையாற்றில் வீழ்ந்தது. மழையால் பெருகிய வெள்ளம் பாலத்தைச் சிதைத்திருந்தது. 140க்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். இரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி, அதற்குத் தாமே பொறுப்பேற்றுப் பதவியினின்று விலகினார். அன்று உயிர்களைக் கொண்ட அப்பருவமழைதான் அவ்வட்டாரத்துச் செடிகளை மலரச் செய்வதும்.

அந்நாளை எண்ணி அங்குப் பூங்கா அமைக்க விழைவோர் முதலில் மண்ணை நோக்குதல் வேண்டும். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் கரிசல் மிகுதி. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் பரந்துள்ளது. சிமெண்டு ஆலைகள் அங்கு எழுந்தது அதனாலேயே. சுண்ணாம்பு மிக்க மண்ணிலிருந்து இரும்புச் சத்தை ஈர்ப்பது பல செடிகளுக்கு அரிது. நாற்றுப் பண்ணையில் செழித்து நின்ற இட்லிப்பூச் செடி இங்கு வந்ததும் தளிர் வெளுத்து நலிவது இக்குறையால்தான். கரிசலோ மழையில் நீரைத் தேக்கும். கோடையில் வெடித்து வேரை அறுக்கும்.

இவற்றிற்கு ஈடுகொடுப்பனவற்றுள் ஆவிரை முதன்மையானது. வறட்சிக்கு அஞ்சாத அதன் மஞ்சட் பூக்கள் கார்த்திகையிலும் குறைவதில்லை. செங்காந்தளுக்குக் கார்த்திகைப் பூ என்ற பெயரே உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. இலை நுனியையே பற்றுக்கம்பியாகச் சுருட்டி வேலியில் ஏறும் அது, பசுமஞ்சளாய் விரிந்து, நாள் செல்லச் செல்லச் செந்தீப்போல் ஆகும். கோடையில் கொடி மடிந்து கிழங்கு மட்டும் மண்ணுள் உறங்கும். ஆனால் அக்கிழங்கு கொடிய நஞ்சுடையது. சிறுவர் கைக்கு எட்டாதவாறு வேலிக்கு அப்பால் வைப்பதே அறிவுடைமை.

சாமந்தியின் இயல்பு வேறு. பகற்பொழுது குறுகி இரவு நீளும்போதுதான் அது அரும்பு கட்டும். ஆகவே கார்த்திகையில் மலர்வது உறுதி. எனினும் தேங்கிய நீரில் அதன் வேர் அழுகும், மேட்டுப்பாத்தி இன்றியமையாதது. நாற்றை ஆனி, ஆடியிலேயே நடவேண்டும். வாடாமல்லி விதையை ஆவணியில் தூவினால் போதும்.

மரமல்லி இப்பருவத்தில் வெண்பூக்களைச் சொரியும். அதன் மணத்தில் மயங்கி நினைவுக்கல்லின் அருகே நட்டுவிடலாகாது; கிளைகள் எளிதில் முறிவன, வேரும் ஆழமில்லாதது, புயல் வீசும் திங்களோ இது. கல்லின் அருகே நிற்கத் தக்கது பவழமல்லி. மாலையில் விரியும் அதன் பூக்கள் விடியுமுன் உதிர்ந்துவிடும். விபத்து நேர்ந்ததும் அவ்வேளையே. ஆதலின் காலையில் வருவோர் கல்லைச் சுற்றி வெண்ணிதழும் பவழக் காம்பும் பரந்திருக்கக் காண்பர். எவரும் மலர் தூவ வேண்டுவதில்லை.

பூங்கா ஆற்றை ஒட்டி அமையுமாயின் கரைக்குப் பூச்செடிகள் பயன்படா. அங்கு நீர்மருதும் வெட்டிவேரும் வேண்டும். கார்த்திகையில் நீர்மருது மலராது. வெட்டிவேரின் பூவையோ ஒருவரும் நோக்கமாட்டார். ஆனால் வெட்டிவேர் 2 முதல் 3 மீட்டர் ஆழம் வரை நேரே இறங்கி, வெள்ளம் அரிக்கும் மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும்.