வானத்தில் இருந்து ஒரு சர்வே

சர்வே கேம்ப் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது என்ன? தோளில் தியோடலைட், கையில் ஸ்டாஃப், தலைக்கு மேல் வெயில். ஒரு ஏரியைச் சுற்றி லெவல் எடுத்து முடிப்பதற்குள் மூணு நாள் ஓடிவிடும். அதே ஏரியைப் பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் போகும் செயற்கைக்கோள் சில நொடிகளில் படம் பிடித்து விடுகிறது. பொருளைத் தொடாமலே அதன் விவரத்தை அறியும் இந்த முறைக்குத்தான் தொலையுணர்வு, நம்ம பாஷையில் ரிமோட் சென்சிங், என்று பெயர்.

"இதெல்லாம் பணக்கார நாட்டு சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. இந்தியாவில் இது ஆரம்பித்ததே தென்னந்தோப்பில்தான். கேரளத்தில் தென்னையை வேர்வாடல் நோய் தாக்கி வந்தது. 1970-இல் பேராசிரியர் பிஷாரட்டி தலைமையில் விஞ்ஞானிகள் ஹெலிகாப்டரில் ஏறி, அகச்சிவப்பு பிலிம் போட்ட காமிராவால் தோப்புகளைப் படமெடுத்தார்கள். நோயுற்ற மரங்கள் படத்தில் வேறு நிறமாகத் தெரிந்தன. அப்போது நம்மிடம் சொந்தமாக ஒரு செயற்கைக்கோள்கூடக் கிடையாது!

எப்படித் தெரிந்தது? அகச்சிவப்பு என்றதும் சூடு என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே பேசுவது சிவப்பை அடுத்துள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒளி. நல்ல பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். அகச்சிவப்பைப் பெருமளவு திருப்பி அனுப்பும். இலை கெட்டால் இரண்டும் மாறும். தண்ணீரோ அகச்சிவப்பை அப்படியே குடித்துவிடும். அதனால்தான் படத்தில் ஏரி கறுப்பாகவும் பயிர் சிவப்பாகவும் இருக்கின்றன.

இதையே கணக்காகப் போடலாம். அகச்சிவப்பில் இருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். உதாரணமாக, ஒரு வயலில் அகச்சிவப்பு 0.50, சிவப்பு 0.08 என்றால் விடை 0.42 ÷ 0.58, அதாவது 0.72. வாடிய வயலில் 0.30, 0.15 என்றால் விடை 0.33தான். வெறும் மண்ணில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். என்டிவிஐ என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்களே, அது இவ்வளவுதான்.

அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் 1972-இல் பறந்தது. நமது ஐஆர்எஸ்-1ஏ 17-3-1988 அன்று பைக்கனூரில் இருந்து ஏவப்பட்டது. அதன் ஒரு காமிராவுக்குப் படத்தின் ஒரு புள்ளி 72.5 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 1.3 ஏக்கர்! அரை ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி அந்தப் புள்ளிக்குள் காணாமலே போய்விடுவார். அதிலிருந்த இன்னொரு காமிராவில் அது சுமார் 32 சென்ட். 2015-இல் ஐரோப்பா அனுப்பிய சென்டினல்-2-இல் 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். ஏழை நாடுகளில் நிலம் துண்டு துண்டாக இருப்பதால் நமக்கு இந்தக் கணக்கு உயிர்க்கணக்கு.

இன்னொரு தடை, காசு. லேண்ட்சாட்-7-இன் ஒரு படம் 600 டாலர் விற்றது. 2008-இல் அமெரிக்கா லேண்ட்சாட் படங்களை இலவசமாகத் திறந்துவிட்ட பிறகுதான் சின்ன நாடுகளும் கல்லூரிகளும் மூச்சு விட்டன.

படம் இருந்தால் போதுமா, படிக்க ஆள் வேண்டாமா? 1966-இலேயே நெதர்லாந்தின் உதவியோடு டேராடூனில் வான்படம் படிக்கக் கற்றுத்தரும் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1995-இல் ஐ.நா. ஆதரவில் ஆசிய பசிபிக் நாடுகளுக்கான விண்வெளிக் கல்வி மையமும் அதே ஊரில் வந்தது. அங்கே ஒன்பது மாதப் படிப்பு. பிறகு ஒரு வருடம் மாணவர் தன் சொந்த நாட்டில், அங்குள்ள ஒரு பிரச்சினையை எடுத்து புராஜெக்ட் செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் அந்த ஒரு வருடம்தான் உண்மையான படிப்பு. படித்தவன் ஊர் திரும்பாமல் போனால், அந்த ஊர் ஏரிக்கு என்ன லாபம்?

நமக்கும் இதில் இடம் உண்டு. படத்தில் கண்டதைத் தரையில் போய்ச் சரிபார்க்கும் வேலைக்குச் செயினும் லெவலும் பிடித்த கைதான் தேவை. நம் லேபில் ஒரு ஸ்டீரியோஸ்கோப் இருக்கிறது. பீரோவைத் திறந்து பார்த்தவர்கள் மூணு பேர்தான். போகட்டும், சென்டினல் படமும் க்யூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம்.

நானும் இரண்டு நண்பர்களும் கேம்ப் போன ஏரியின் டிசம்பர் படத்தையும் மே மாதப் படத்தையும் எடுத்து ஒப்பிட்டோம். டிசம்பரில் கறுப்பு, தண்ணீர். மே மாதம் ஏரிக்குள் நல்ல சிவப்பு. "ஏரி உள்வாயில் சாகுபடி, ஆக்கிரமிப்பு" என்று ரெக்கார்டில் எழுதியாயிற்று. சார் படித்துவிட்டு, "நேரில போய்ப் பாத்தீங்களாப்பா?" என்று ஒரே கேள்வி கேட்டார். மறுநாள் பஸ் பிடித்துப் போனோம். உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேல்! கோடையிலும் பச்சை மாறாத அந்த முள்மரத்தைப் பயிர் என்று எழுதி, யாரோ ஒரு விவசாயிமேல் பழி போட இருந்தோம். அந்த வரியை அடித்துவிட்டு, முள் கிழித்த கையோடு புதுப்பக்கம் எழுதினோம்.