தெரிதலும் தெளிதலும்

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்றோர் அதிகாரம் உளது. தெரிதலாவது ஆராய்ந்தறிதல், தெளிதலாவது நம்புதல். அரசன் வினைசெய்வாரைத் தேர்தற்கு ஆசிரியர் கூறிய இவ்விரண்டும், நோயாளி மருத்துவமனையைத் தேர்தற்கும் இன்றியமையாதன. இவற்றுள் ஒன்று குறையின் விளைவதென்னை என்பதனை, அமெரிக்க நாட்டு நிகழ்ச்சிகள் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1990-ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் மாகாண அரசினர், இருதயத்திற் செய்யப்படும் ‘பைபாஸ்’ சத்திர சிகிச்சையால் ஒவ்வொரு மருத்துவமனையிலும் இறந்தோர் வீதத்தைக் கணக்கிட்டு வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் மருத்துவர் ஒவ்வொருவரின் கணக்கும் வெளிவந்தது. 2005-இல் நடுவண் அரசினரும் நாட்டு மருத்துவமனைகளை ஒப்பிட்டுக் காட்டும் இணையப் பக்கம் ஒன்றைத் தொடங்கினர். தரமறிந்த நோயாளி நல்லதனை நாடுவான். பின்தங்கிய மருத்துவமனை நாணித் திருந்தும் என்பதே இவற்றின் நோக்கம்.

நோக்கம் நன்றே, பயனோ சிறிது. பென்சில்வேனியாவில் இருதய சிகிச்சை பெற்றோரை வினவி 1998-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு முன்னரே அத்தகைய அறிக்கை உண்டென்று அறிந்திருந்தோர் நூற்றுக்குப் பன்னிருவரே எனக் கண்டனர்.

இனி, இன வேற்றுமையை நோக்குவாம். நியூயார்க் அறிக்கை வெளிவந்தபின், அச்சிகிச்சை பெறுவதில் வெள்ளையர்க்கும் கறுப்பின மக்கட்கும் இடையே முன்பிருந்த வேறுபாடு பெருகிற்றென 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. ஒப்பிட்ட பிற மாகாணங்களில் அங்ஙனம் பெருகவில்லை. தம் கணக்கிற் பழுது நேருமென அஞ்சிய மருத்துவர், இடர் மிகுதியுடையார் எனத் தாம் கருதியோரை விலக்கியிருக்கலாம் என்பர் ஆய்ந்தோர். ஆண்டுகள் சில சென்ற பின்னரே அவ்வேறுபாடு பழைய அளவிற்குக் குறைந்தது.

2013-இல் வெளிவந்த பிறிதோர் ஆய்வு இன்னும் வியப்புடைத்து. கறுப்பின நோயாளிகள் பெரும்பாலும் உயர்தர மருத்துவமனைகட்கு வெள்ளையரினும் அணித்தாகவே வாழ்ந்தனர். ஆயினும், இனம் பிரிந்து வாழும் பகுதிகளில் அவர்கள் தாழ்ந்த தரத்தனவற்றிலேயே மிகுதியும் சிகிச்சை பெற்றனர். ஆகவே, தொலைவு மட்டுமே தடையன்று.

தடை யாது? வரலாறே விடை கூறும். 1946-ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் பொருளுதவியோடு இனவாரியாகத் தனித்தனி மருத்துவமனைகள் கட்ட இடந்தந்தது; 1964-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமே அரசுப் பொருள் பெறும் இடங்களில் அவ்வேற்றுமையை விலக்கிற்று. அலபாமா மாகாணத்து டஸ்கீகீயில், 1932 முதல் 1972 வரை, மேகநோயுற்ற கறுப்பின ஆடவர் 399 பேரை அரசின் பொதுச்சுகாதாரத் துறையினர் உண்மையை மறைத்துச் சிகிச்சையின்றி நோக்கியிருந்தனர். பெனிசிலின் கைவந்த பின்னரும் அதனை அளித்திலர். 1997-இல் குடியரசுத் தலைவர் கிளின்டன் இதற்காக மன்னிப்பு வேண்டினார்.

இவ்வாறு வஞ்சிக்கப்பட்ட மக்கள், அவ்வரசே வெளியிடும் மதிப்பெண்ணை ஐயுறின் அவரைக் குறைகூறுதல் முறையோ? அன்றியும், எம்மருத்துவமனைக்குச் செல்வதென்பதை அனுப்பும் மருத்துவரும் ஈட்டுறுதிப் பணமுமே பெரும்பாலும் முடிவு செய்யின், அட்டவணை கற்றும் பயனென்னை?

அரசினர் அச்சிட்டு வழங்கக்கூடியது தெரிதல் ஒன்றே. தெளிதலோ நெடுங்கால நேர்மையால் ஈட்டப்படுவது. அறிக்கை வெளியிடுவோர் எண்களோடு நில்லாது, அவ்வெண்களால் யார் விலக்கப்பட்டனர் என்பதனையும் எண்ணிக் காட்டுதல் வேண்டுமென்பதே எமது துணிபு.