நெருப்பை வளர்க்கும், உயிரை வளர்க்காது

மாணவர்களே, சிரிப்பூட்டும் வாயுவாகிய நைட்ரஸ் ஆக்சைடு நிறைந்த சாடியில் நன்கு கனலும் குச்சியை நுழைத்தால், அது சுடர்விட்டு எரியும். அப்படியானால் அதைச் சுவாசித்தும் உயிர் வாழலாமா? முடியாது. தணலின் வெப்பம் இவ்வாயுவைச் சிதைத்து ஆக்சிஜனை விடுவிக்கிறது. 37 டிகிரி செல்சியஸ் உடல் வெப்பநிலையில் அச்சிதைவு நிகழாது. ஆகவே, தனியே சுவாசித்தால் மூச்சுத்திணறி மரணம் நேரலாம்.

1799இல் இதைத் தாமே முகர்ந்து ஆராய்ந்த ஹம்ஃப்ரி டேவி, வலி மறைவதைக் கண்டார். 1844இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ், இதை முகர்ந்தபின் தம் பல்லையே பிடுங்கச் செய்தார். மருத்துவர்கள் இதை ஆக்சிஜனுடன் கலந்தே கொடுக்கின்றனர். வேடிக்கைக்காக அடிக்கடி முகர்ந்தால், உடலில் வைட்டமின் பி12 செயலிழந்து நரம்புகள் கெடும். கால் மரத்து நடை தள்ளாடும். பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள்!